ஆபரேஷனுக்கு அப்புறம்

பென் கார்ஸன், செசில் மர்ஃபியுடன் சேர்ந்து எழுதி 1990-ல் வந்த 'கிஃப்டட் ஹாண்ட்ஸ்' சுயசரிதையை மறுபடி படித்தேன். டெட்ராய்ட்டின் ஏழைப் பையன் ஒருவன் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தைகளின் மூளை சர்ஜனாகும் கதை. கீழே வைக்க முடியாது.

மறக்க முடியாத அத்தியாயம், 1985-ல் நாலு வயசுப் பெண் குழந்தைக்கு நடந்த ஆபரேஷன். ராஸ்முஸ்ஸென் என்செஃபலைட்டிஸ். மூளையின் ஒரு பாதியை மெல்ல மெல்ல அழிக்கும் வியாதி. ஒரே நாளில் நூறு தடவைகூட வலிப்பு. மாத்திரைக்கு மசியவில்லை. கார்ஸன் இடது பாதியை எடுத்துவிடுகிறார். பேச்சு பொதுவாக இடது பக்கத்து சமாசாரம். இருந்தும், ஆபரேஷன் முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதே அம்மா அப்பாவிடம் பேசுகிறாள்! சின்ன வயசு மூளை வேலைகளை மறு பாதிக்கு மாற்றிக்கொள்ளும். நமக்குக் கண் கலங்கிவிடுகிறது.

என் குறையும் இங்கேதான். குழந்தை தேறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறார். வீட்டுக்குப் போன பிறகு?

கடும் வலிப்புள்ள குழந்தைகள் பலருக்குக் கோபம், அடம், தூக்கமின்மை, ஒரு இடத்தில் உட்காராமை எல்லாம் உண்டு. வியாதியே காரணமாக இருக்கலாம். மருந்தாகவும் இருக்கலாம். ஃபீனோபார்பிடோன் சில குழந்தைகளைப் படுத்தி எடுக்கும். வலிப்பு வருமே என்று இத்தனை நாள் யாரும் அதட்டாமல் வளர்ந்த பிள்ளையிடம், ஆபரேஷன் முடிந்ததும் 'ஹோம்வொர்க் எங்கே?' என்று கேட்டால் சும்மா இருக்குமா?

இதையும் கணக்கெடுத்தவர்கள் நம்மவர்கள். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பேர், எல்லோரும் பதினெட்டு வயசுக்குள். பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். ஒரு வருஷத்தில் வலிப்பு நின்றவர்கள் முதல் குழுவில் 77 சதவீதம், மற்றதில் 7. நடத்தைக்கும் மதிப்பெண் போட்டார்கள். அதிலும் ஆபரேஷன் குழுவே தேவலை. ஐ.க்யூ.வில் மட்டும் பெரிய வித்தியாசமில்லை. இலவசமாகவும் கிடைக்கவில்லை. மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள். பலருக்கு, முன்பே எதிர்பார்த்தபடி, ஒரு பக்கக் கை கால் பலவீனம்.

இதெல்லாம் சராசரி. சராசரிக்குள் அடங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரி விழித்திருக்கும் அம்மாவுக்குத் தேவை சர்ஜன் மட்டுமல்ல, ஆபரேஷனுக்கு முன்பே பேச ஆரம்பித்து அதற்கப்புறமும் பேசும் மனநல டாக்டரும், பொறுமையுள்ள ஒரு டீச்சரும்.

கத்தி பிடித்தவர் எழுதிவிட்டார். அந்த அம்மா எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.