கான்ஸ்டபிளின் ‘உலர்புல் வண்டி’

ஆறும் மரமும் பழைய ஓட்டுவீடும் அமைந்துவிட்டால் ஓவியம் தானே அழகு பெற்றுவிடும் என எண்ணுவோர் பலர். ஆயின், காட்சியின் அழகு வேறு. ஓவியத்தின் உண்மை வேறு. இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) தீட்டிய ‘உலர்புல் வண்டி’ தக்கதொரு சான்றாகும்.

1821ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இவ்வெண்ணெய் வண்ண ஓவியம் ஏறத்தாழ 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் உடையது, இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டூர் ஆற்றங்கரையிலுள்ள ஃபிளாட்ஃபோர்டு என்னும் இடமே இதன் களம். இடப்புறத்தில் வில்லி லாட் என்னும் உழவர் வாழ்ந்த பழைய வீடு நிற்கிறது. நடுவே, ஆழமற்ற நீரில் வெறுமையான வண்டியொன்று செல்கிறது. வலப்புறத்தில், தொலைவிலுள்ள புல்வெளியில், ஆட்கள் வேலை செய்கின்றனர்.

கான்ஸ்டபிளின் தந்தை ஃபிளாட்ஃபோர்டு ஆலையின் உரிமையாளர். ஆதலின், அந்நிலத்தின் ஒவ்வொரு பலகையும் செங்கல்லும் ஓவியர் இளமையிலேயே பழகியவை. திறந்த வெளியில் அமர்ந்து அவ்வீட்டைப் பலமுறை சிறு ஓவியங்களாகத் தீட்டினார். பின்னரே இலண்டனில் இருந்தவாறு பெரும்படத்தை உருவாக்கினார். வண்டியின் அமைப்பில் பிழை நேராதிருக்க, ஊரிலிருந்து அதன் வரைபடத்தையும் வரவழைத்தார். பழைய பொருளைத் தீட்டுவோர்க்கு வேண்டிய முதற் பண்பு இந்த நேர்மையே.

வண்ணத்திலும் அவர் புதுநெறி கண்டார். நிலக்காட்சி என்றால் முன்புறம் பழுப்பு நிறம் பெறவேண்டும் என்ற மரபு அக்காலத்தில் வலுத்திருந்தது. அவரோ பச்சையைப் பச்சையாகவே தீட்டினார். ஒரே பச்சையைப் பூசாமல் பலவகைப் பச்சைகளை அடுத்தடுத்து வைத்தார். குதிரைகளின் சேணத்திலுள்ள சிறிது சிவப்பு, சூழ்ந்துள்ள பசுமையை மேலும் ஒளிரச் செய்கிறது. நீரிலும் இலையிலும் சிதறிய வெண்புள்ளிகள் ஈரத்தையும் ஒளியையும் உணர்த்துகின்றன. இலண்டனில் விலைபோகாத இவ்வோவியம் 1824இல் பாரிசுக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

இனி, இதன் குறையையும் நோக்குதல் வேண்டும். நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்தது. உழவுத் தொழிலாளர் வேலையின்றி வாடினர். 1816இலும் 1822இலும் கிழக்கு இங்கிலாந்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர்; கதிரடிக்கும் பொறிகளை உடைத்தனர். இவ்விரு கிளர்ச்சிகளுக்கும் இடையில் தோன்றிய இவ்வோவியத்தில் அத்துயரின் நிழல்கூட இல்லை. உழைப்போர் தொலைவில் சிறு புள்ளிகளாக நின்றுவிடுகின்றனர். ஓவியர் இதற்கு இட்ட பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பது. வண்டியைச் சுட்டும் பெயர் அவருடைய நண்பர் ஜான் ஃபிஷர் வழங்கியதே.

தமிழ் மரபின் திணைக் கோட்பாட்டைக் கொண்டு நோக்கின் இக்குறை தெளிவாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கமே உரிப்பொருள். ஓவியர் தம் பெயரிலேயே நிலத்தையும் பொழுதையும் வைத்தார். கருப்பொருளையும் குறைவறத் தந்தார். உரிப்பொருளாக விளங்குவதோ ஆலை உரிமையாளரின் மகன் பிறந்த மண்மீது கொண்ட பற்று மட்டுமே. வண்டியோட்டியின் உள்ளம் அங்கே இடம்பெறவில்லை. ஓவியம் பொய் சொல்லவில்லை. எனினும், முழுமையும் சொல்லவில்லை.

இதனால் கான்ஸ்டபிளின் பெருமை குன்றிவிடாது. தாம் அறிந்ததை அவர் வழுவின்றித் தீட்டினார். பின்வந்தோர் பலர் அவருடைய ஆற்றையும் கூரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்தம் அறிவை விட்டுவிட்டனர். பழைய களஞ்சியத்தைத் தீட்ட விழையும் மாணவர், அதில் என்ன சேமித்தனர், யார் சுமந்தனர், ஏன் அது பாழடைந்தது என முதலில் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாக்கள் பிறந்த பின்னரே தூரிகை எண்ணெயைத் தொடுதல் தகும்.