விதையுவமையும் வெண்மணியும்

உயிர்த்தெழுந்த திருநாளையொட்டிக் காவிரிப் படுகையின் சபைகளில் நிகழ்த்தப்பெறும் பிரசங்கங்கள் பலவும் நெல்லைத் தேடிச் செல்கின்றன. இதில் வியப்பில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் பவுலடியார் விதையை எடுத்துக்காட்டினார். யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவரே மண்ணில் விழும் தானிய மணியைக் குறித்துப் பேசினார். திருமறையில் அது கோதுமை. தஞ்சையில் அது நெல். இம்மாற்றத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும், அவ்வுவமை இம்மண்ணில் எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்று ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம்.

உழவர் அறிந்ததைப் பிரசங்கியாரும் அறிந்திருத்தல் நலம். விதைநெல்லை நீரில் ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூடிவைத்து, முளை கண்ட பின்னரே சேற்று நாற்றங்காலில் தெளிக்கிறார்கள். ஊறப்போடும்போதே பதர் மிதந்து கழிகிறது. ஆகவே நிலத்தைச் சேரும் விதை செத்த விதையன்று. உயிருண்டென்று சோதித்தறிந்த விதை. விதை சாகிறது என்று பிரசங்கபீடத்திலிருந்து கூறும்போது, நடவுக்குச் சென்று பழகிய பெண் மரியாதைக்காகத் தலையசைக்கலாம். அவள் உள்ளத்தில் பதிவதோ, உள்ளே உயிர் ஒளிந்திருக்கிறது, காலம் வந்தால் தானே வெளிப்படும் என்பதே. இது உயிர்த்தெழுதலைப் பற்றிய விசுவாசமன்று. ஆன்மா இயல்பாகவே அழியாதது என்னும் வேறொரு கொள்கை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஆஸ்கர் குல்மன் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் வற்புறுத்தினார். கிரேக்கரைக் குறித்து அவர் கூறியது நம் சபைகளுக்கும் பொருந்தும். நம்மவருள் பலர் கல்லறையருகே பேசும் ஆறுதல் மொழிகளில் சாக்ரடீசின் குரலே மிகுதியாய்க் கேட்கிறது.

பவுல் விதையின் ஆற்றலைப் புகழவில்லை. அதே அதிகாரத்தின் முப்பத்தெட்டாம் வசனத்தில் அவர் சொல்வது, தேவன் தம் சித்தத்தின்படி விதைக்கு மேனியைக் கொடுக்கிறார் என்பதே. வாக்கியத்தின் எழுவாய் விதையன்று, தேவன். யோவானிலோ பேச்சு மறுமையைப் பற்றியதே அன்று. தனித்திருக்கும் மணி மிகுந்த பலனாகப் பெருகுவதைப் பற்றியது. இவ்விரு இடங்களையும் ஒன்றாய்க் குழைத்து, இயற்கையின் சுழற்சியே உயிர்த்தெழுதலுக்குச் சான்று என்று கூறுவது வேதவிளக்கமாகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் உயிர்த்தெழுந்த திருநாள் வசந்தத்தோடு வருகிறது. பனி உருகுகிறது, மரம் துளிர்க்கிறது, பாட்டு எளிதாய்ப் பிறக்கிறது. அங்கிருந்து மொழிபெயர்ந்து வந்த ஞானப்பாட்டுகளை நாம் பாடும் பங்குனி, சித்திரை மாதங்களிலோ காவிரி மணலாய்க் கிடக்கிறது. சம்பா அறுவடை முடிந்துவிட்டது. உளுந்தும் பயறும் எடுத்தபின் வயல் வெடித்துக் காய்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை மரபுப்படி சனவரி 28-இல் மூடுகிறார்கள். சூன் 12-இல் திறக்கிறார்கள். அந்நாளில் திறப்பதும் உறுதியன்று. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அத்தேதி தவறிப் போயிற்று. எனவே நம் நாட்டு விசுவாசி துளிரைக் கண்டு அல்லேலூயா பாடுவதில்லை. வறண்ட ஆற்றின் கரையில் நின்று, தன் கையிலில்லாத நீருக்காகக் காத்திருந்து பாடுகிறான். காணாததை நம்புவதே நம்பிக்கை என்று பவுல் ரோமருக்கு எழுதியதன் பொருளுக்கு இதுவே கிட்டியதென்று நமக்குத் தோன்றுகிறது. வசந்தப் பாட்டு அழகானதே. அது இங்கே இரவல்.

தஞ்சையின் நினைவுச் சின்னங்களும் இக்கருத்தில் ஆராயத்தக்கவை. 1798 பிப்ரவரி 13-இல் மரித்த சுவார்ட்சு ஐயருக்காக இரண்டாம் சரபோசி மன்னர் பிளாக்சுமன் என்னும் ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்தார். படுக்கையில் ஐயர் கிடக்க, மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கிறார். அருகில் கெரிக்கே ஐயர். காலருகே பள்ளிச் சிறுவர். கல்லறைக்கென மன்னர் ஆங்கிலத்தில் பாடிய செய்யுளோ, அனாதைகளுக்குத் தகப்பனும் விதவைகளுக்கு ஆதரவுமானவரெனப் போற்றி, அவருக்குத் தகுந்தவனாக வேண்டுமெனத் தமக்காக மன்றாடி நிற்கிறது. சிற்பத்திலும் செய்யுளிலும் பிரிவு இருக்கிறது, நன்றி இருக்கிறது, உயிர்த்தெழுதல் இல்லை. அந்நம்பிக்கையை ஏற்றிராத மன்னரிடம் அதை எதிர்பார்ப்பது முறையுமன்று. உண்மையில், தாம் நம்பாத ஒன்றைப் பாடாமல் விட்ட அவருடைய நேர்மை நம் கல்லறைக் கற்களில் வழக்கமாய்ப் பொறிக்கும் சொற்களைவிட நமக்கு மதிப்பாய்ப் படுகிறது.

குறைகூற வேண்டுமாயின் நம் முன்னோரைக் கூறலாம். சுவார்ட்சு ஐயரின் மாணாக்கரும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்த் திருச்சபைக்குப் பாட்டைத் தந்தவர். அவரே 1829-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சபைக்குள் சாதிவழக்கம் நிலைத்திருக்க வேண்டுமென்று வாதாடியவர். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் அவ்வழக்கத்தை விலக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுபட்டது. அழியாத சரீரத்தைப் பாடியவர்கள், அழியும் சரீரங்கள் ஒரே பாயில் அமர்வதைப் பொறுக்கவில்லை. திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதியின்படி பிணங்களைப் பிரித்து எழுப்பிய சுவர் இந்நோயின் நீட்சியே. ஒரே எக்காளத்தில் எழும்ப வேண்டியவர்கள் எழுந்தவுடன் சுவரைத் தேடுவார்களோ?

இனி வெண்மணி. அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அவர்கள் கேட்டது கூலியில் இன்னுங் கொஞ்சம் நெல். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இலக்கியம் இதை எடுத்துக்கொண்டது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. நம் பிரசங்கங்களில் வெண்மணி எத்தனை முறை வந்திருக்கிறது?

இங்கே விதையுவமை நின்றுவிடுகிறது. எரிக்கப்பட்ட குழந்தையை விதை என்று சொல்ல எவருக்கும் நாவெழக்கூடாது. அப்படிச் சொன்னால் எரித்தவன் விதைத்தவனாகிவிடுவான். ஆனால் உயிர்த்தெழுதல் அங்கே நின்றுவிடுவதில்லை. இஸ்ரவேலில் இந்நம்பிக்கை தெளிவாக எழுந்ததே இத்தகைய கேள்வியிலிருந்துதான். தானியேல் பன்னிரண்டாம் அதிகாரமும் மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரமும் முதுமையில் அமைதியாய்க் கண்மூடியவர்களைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல. கொடுங்கோலர் கையில் மாண்டவர்களின் வழக்கு மரணத்தோடு தள்ளுபடியாகிவிடுமோ, தேவன் நீதியுள்ளவரோ என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஆறுதல் அதற்குப் பின்னரே வந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடருக்குக் காட்டியதும் காயங்களையே. முளைத்த பயிரில் பழைய விதையின் தழும்பைக் காணமுடியாது. அவருடைய மேனியிலோ ஆணித்தழும்பு அழிக்கப்படவில்லை. கொல்லப்பட்டவர் இன்னாரென்று அடையாளம் தெரியும்படியே எழுப்பப்பட்டார்.

வெண்மணியின் நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று செங்கொடியோடு அங்கே கூடுகிறவர்கள் உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அல்லர். ஆனாலும் பெயர்களைக் காத்து வருகிறார்கள். அதை நம்புகிற நாம் அந்நாளில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனையில் இருக்கிறோம். அவ்வாராதனையின் மன்றாட்டில் அப்பெயர்களுக்கு இதுவரை இடம் கொடுத்திருக்கும் சபைகள் மிகச் சிலவே இருக்கும்.