கொம்பு சொன்னதும் பல் சொன்னதும்

சூழல் தொல்லியலில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் கிரகாம் கிளார்க்கின் ஸ்டார் கார் அகழாய்வு நூலை (1954) முதலில் படிக்கணும். யார்க்‌ஷயரின் பழைய ஏரிக்கரையில் இடைக்கற்கால மக்கள் குளிர்காலத்தில் தங்கினார்கள் என்கிறார் கிளார்க். முக்கிய ஆதாரம், சிவப்பு மான் கொம்புகள்.

இங்கேதான் இடிக்கிறது. கொம்பு அவர்களுக்குக் கருவி செய்யும் மூலப்பொருள். வேறு பருவத்தில் சேர்த்ததைக்கூடக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். அதைப் போய் நாட்காட்டியாக வாசிக்கலாமா? 1988-ல் லெக், ரௌலி-கான்வி இருவரும் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தார்கள். இளம் மான்களின் பற்கள் வசந்தத்தின் கடைசியையும் கோடையையும் காட்டின.

அப்போ நூல் காலாவதியா? இல்லீங்க. எலும்பு, மகரந்தம் எல்லாவற்றையும் விவரமாக வெளியிட்டிருந்ததால்தான் மறுக்கவே முடிந்தது. சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடுத்தவர் மாதிரி. தீசிஸ் எழுதும்போது முடிவுரையைவிடப் பின்னிணைப்புக்கு அதிக நாள் ஒதுக்குங்க.