ஏடும் என்பும்

இடைக்கால ஐரோப்பாவின் துறவி மடங்களை ஆராய்வோர் ஒரு வினாவை எதிர்கொள்ளாது செல்லுதல் அரிது. ஊன் விலக்கியவர் எனப் பெயர்பெற்ற துறவிகளின் இருப்பிடங்களை அகழுமிடத்து, அடுக்களையின் அயலிலே மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பன்றியெலும்பும் குவியலாக வெளிப்படுவதேன்? நோன்பு பிறழ்ந்தனர் என்பதே பலரும் உடனே கூறும் விடை. எட்டாம் ஹென்றி மன்னன் 1536-இல் தொடங்கி மடங்களைக் கலைத்த காலத்திலே துறவிகள்மீது சுமத்தப்பட்ட பழிகளோடு இவ்விடை இனிது பொருந்துதலின், அது வேறு சான்றின்றியே ஏற்கப்பட்டும் விடுகின்றது.

முதலில் விதி யாதெனக் காணல் வேண்டும். ஆறாம் நூற்றாண்டிலே அர்ச். ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின் 39-ஆம் அதிகாரம் நாற்கால் விலங்கின் ஊனையே விலக்குகின்றது. மிக நலிந்த நோயாளருக்கோ அதனையும் விலக்கவில்லை. மீனுக்கு அங்கே தடையில்லை. பறவையைப் பெயர்சொல்லி விலக்கவுமில்லை. சைவ மரபிலே பயின்ற வாசகர் இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் நன்று. இந்நோன்பின் அடிப்படை கொல்லாமை அன்று. உடலின் வேட்கையை ஒறுத்தலே. ஆதலின் உடல் தளர்ந்தவிடத்து விதியும் தளர்ந்தது. கொல்லாமையை அளவுகோலாகக் கொண்டு அம்மடங்களை அளப்பவர், அத்துறவிகள் ஏலாத விரதமொன்றை அவர்கள் முறித்தனர் எனக் குற்றஞ் சாட்டுபவராவர்.

இத்துறையில் எழுந்த நூல்களுள் முதன்மை பெறத்தக்கது, பார்பரா ஹார்வி 1993-இல் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் வாழ்தலும் இறத்தலும், 1100–1540’ என்பது. 1989-இல் ஒக்ஸ்போட்டில் அவர் ஆற்றிய போட் சொற்பொழிவுகளினின்று விரிந்த நூல் இது. வெஸ்ற்மினிஸ்ரர் மடத்தின் அடுக்களைக் கணக்கேடுகளை நாள்தோறுமாகப் படித்து, அங்கு வாழ்ந்தோர் நாட்டின் செல்வக்குடியினரை ஒத்தே உண்டனர் என ஆசிரியர் நிறுவுகின்றார். துறவி ஒருவருக்கு நாளொன்றுக்கு விதிக்கப்பட்டது ஏறத்தாழ இரண்டு இறாத்தற் பாணும் ஒரு கலன் வாற்கோதுமை மதுவும் என்றால், ஏனையவற்றை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் வழங்கப்பட்டதெல்லாம் உண்ணப்பட்டது என அவர் கொள்ளவில்லை. பணியாளரும், படிபெற்று வாழ்ந்தோரும், வாயிலில் வந்து நின்ற வறியோரும் அதிற் பங்குகொண்டமையை விலக்கிக் கணிக்கின்றார். இந்நிதானமே நூலின் தனிச்சிறப்பு.

ஊன் பற்றிய வேறுபாடொன்றையும் அவர் தெளிவாக்குகின்றார். புதிதாகச் சமைத்த தசைத்துண்டு ஒருவகை. முன்னரே வெந்ததைக் கொத்தி மறுபடி சமைத்ததும், ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களும் பிறிதொரு வகை. பின்னையது விதியின் சொல்லுக்கு உட்படாதெனக் கொண்டு பொது ஊண்மண்டபத்திலேயே உண்டனர். முன்னையதற்கு வேறோர் அறை வேண்டியிருந்தது. பாப்பரசர் பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் 1336-இல் வாரத்தில் நான்கு நாள் அவ்வறையில் ஊன் உண்ண இடந்தந்தபோதும், மடத்தவரிற் பாதிப்பேராவது பொது மண்டபத்தில் இருத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டார். இவ்வேறுபாட்டை எலும்பு அறியாது. வாட்டிய துண்டும் கொத்திய கறியும் விட்டுச்செல்வது ஒரே எலும்பையே.

அங்ஙனமாயின் ஏடு போதுமோ எனின், போதாது. கணக்கேடு வாயிலினுட் புகுந்ததைச் சொல்லுமேயன்றி எங்கு உண்ணப்பட்டது என்பதை எப்போதும் சொல்லாது. ஓர் ஆடு வாங்கினர் என்று அது கூறுமிடத்து, அவ்வாட்டின் நிறை யாது? இடைக்காலத்து ஆடுமாடுகள் இக்காலத்தனவற்றினும் சிறியன. அவற்றின் பருமனை அளந்து காட்ட வல்லது எலும்பே. உணவின் சத்தைக் கலோரியிற் கணிக்கும் ஹார்வியின் முயற்சி இவ்விடத்தில் இன்னும் உறுதி பெற்றிருக்கலாம்.

ஏடும் என்பும் கட்டிடமும் ஒருங்கு கூடுமிடத்திலேயே சான்று வலிபெறும். அதற்கு லீட்ஸ் நகரின் அயலிலுள்ள கேர்க்ஸ்ரோல் மடம் நல்ல எடுத்துக்காட்டு. 1152-இல் அங்கு குடியேறிய சிஸ்ரேர்சியத் துறவிகள் ஆட்டு மயிர் விற்றுப் பொருளீட்டியோர். அங்கு அகழ்ந்தெடுத்த எலும்புகளை ஆராய்ந்து எம். எல். றைடர் 1959-இல் எழுதிய கட்டுரையோ மிகப் பெரும்பாலானவை மாட்டெலும்புகள் எனக் காட்டுகின்றது. இதிலே முரண் யாதுமில்லை: ஆடு மயிருக்கு, மாடு அடுப்புக்கு. இம்மடத்தின் ஊண்மண்டபம் பதினைந்தாம் நூற்றாண்டிலே இரண்டு தளங்களாகப் பகுக்கப்பட்டது. கீழ்த்தளம் ஊனுணவுக்கு, மேல்தளம் ஊனில்லா உணவுக்கு. ஊன் சமைத்தற்கெனத் தனி அடுக்களையும் எழுந்தது. அதே நூற்றாண்டில், 1475-இல், பாப்பரசர் நான்காம் சிக்ஸ்ரஸ் இச்சபையின் பொதுச்சங்கத்துக்கு விதியைத் தளர்த்தும் உரிமை ஈந்தார். 1485-இல் அச்சங்கம் வாரத்தில் மூன்று நாள் ஊன் உண்ண இசைந்தது. எனவே அவ்வடுக்களையின் எலும்புகளைக் கள்ளத்தனத்தின் எச்சமெனத் துணிந்து கூற இடமில்லை. மறைத்து உண்பவர் அதற்கென அடுக்களை கட்டார்.

எஞ்சுவது ஒரு குறை. அது துறவிகளுடையதன்று, சான்றினுடையது. மாட்டின் தொடையெலும்பு நூற்றாண்டுகள் கழிந்தும் மண்வெட்டியிற் படும். மீன்முள்ளோ எளிதில் மக்கிப்போம்; மக்காது எஞ்சியதும், மண்ணைச் சல்லடையிட்டுச் சலித்தல் வழக்கமாவதற்கு முன்னர், அகழ்வோர் கையினின்று நழுவிப்போயிற்று. பயறும் கீரையும் எலும்பே இடா. ஆகவே கீழ்த்தளத்தின் மூன்று நாள்களும் குவியலாகக் கிடக்க, மேல்தளத்தில் ஊனின்றிக் கழிந்த நான்கு நாள்களும் தபசுகாலம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சாது போயின.