கதை முடிந்ததும் கத்தரிக்கோல்

சிறுவர் நூலகங்களில் கதை நேரம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது. முதலில் ஒரு படப்புத்தகத்தை வாசித்துக் காட்டுவார்கள். புத்தகத்தை மூடியதும் சார்ட் பேப்பரும் பசையும் கத்தரிக்கோலும் வெளியே வரும். பிள்ளைகள் கையில் ஏதாவது ஒன்றோடு வீடு திரும்புவதால் பெற்றோருக்குத் திருப்தி, கூட்டம் சேர்வதால் நூலகத்துக்கும் திருப்தி. இந்தப் பழக்கத்தை எடைபோட்டுப் பார்க்கப் புனே பொருத்தமான ஊர். தானே எழுதித் தானே படமும் வரையும் மாதுரி புரந்தரே மராத்திப் படப்புத்தகத்துக்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தது இங்கிருந்துதான். 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது அவருக்குக் கிடைத்தது. குப்பையில் போகும் பொருள்களிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் பணியாற்றியதும் இதே ஊரில் ஐயுகா என்னும் வானியல் ஆய்வு மைய வளாகத்தில் இயங்கும் சிறுவர் அறிவியல் மையத்தில்தான். ஆக, நல்ல புத்தகமும் நல்ல கைவேலையும் புனேயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே மணி நேரத்தில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் மட்டும் அவை சேர்ந்துவிடுமா?

சேரும்போது பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் நான்கு வயதுப் பிள்ளைகளிடையே வாசிக், பாண்ட் இருவரும் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கதையில் வரும் பொருள்களைக் கையில் கொடுத்து, கேள்வி கேட்டு, கதையை ஒட்டிய வேலைகளும் செய்யவைத்த வகுப்புகளின் பிள்ளைகள் அதிகச் சொற்களைக் கற்றார்கள். அதே புத்தகங்களை வாசிக்க மட்டும் கேட்ட பிள்ளைகள் அந்த அளவுக்குக் கற்கவில்லை. பல மொழி பேசும் ஊரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1988-இல் மும்பையில் தொடங்கிப் பிறகு புனேக்கு வந்த டோர் ஸ்டெப் ஸ்கூல் அமைப்பு, கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் படிப்பையும் புத்தகத்தையும் கொண்டுசெல்கிறது. அவர்களில் பலருடைய குடும்பங்கள் வேலை தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்தவை. மராத்திக் கதை பாதி புரியாத பிள்ளையும் காகிதம் மடிக்கும்போது மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடிகிறது. ஆனால் பால்டிமோர் ஆய்வைக் கைவேலைக்கான நற்சான்றாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பொருளோடு பேச்சும் கேள்வியும் கலந்தே இருந்தன. பலன் எதனால் வந்தது என்று தனித்தனியே பிரிக்க வழியில்லை. நம் கதை நேரங்களில் முதலில் விடுபடுவது அந்தப் பேச்சுதான்.

பேச்சு விடுபட்டால் என்ன மிஞ்சும் என்பதை உலகெங்கும் பழகிப்போன ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எரிக் கார்லின் பசிகொண்ட கம்பளிப்பூச்சி 1969-இல் வந்த புத்தகம். அதை வாசித்த கையோடு, பெரியவர்கள் முன்கூட்டியே வெட்டிவைத்த பச்சை வட்டங்களைப் பிள்ளைகள் வரிசையாக ஒட்டுவார்கள். இருபது பிள்ளைகள், இருபது ஒரே மாதிரிப் பூச்சிகள். கண்ணை எங்கே ஒட்டுவது என்பது ஒன்றுதான் பிள்ளை எடுத்த முடிவு. கார்ல் படம் செய்த விதமோ வேறு. மெல்லிய தாள்களில் தூரிகையால் வண்ணம் தீட்டி, காய்ந்த பிறகு வெட்டி ஒட்டினார். பிள்ளையும் ஒரு தாளைத் தன் விருப்பப்படி தீட்டிக் காயவைத்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தால், ஒற்றைப் பச்சையாகத் தெரிந்த இலைக்குள் தூரிகைத் தடங்கள் ஓடுவது கண்ணில் படும். முதல் வகை வேலை புத்தகத்தை மூடிவைக்கிறது. இரண்டாவது அதைத் திரும்பத் திறக்கவைக்கிறது. கைக்கு வேலை கொடுப்பது எப்போதும் கவனத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கையும் உறுதியானதல்ல. தூக்கியும் இழுத்தும் பார்க்கும் அமைப்புகள் கொண்ட படப்புத்தகங்களிலிருந்து சின்னக் குழந்தைகள் குறைவாகவே கற்றார்கள் என்று டாரே, டிலோச் முதலானோரின் 2010 ஆய்வு காட்டியது. கையின் வேலை கதைக்கு வெளியே இருந்தால் கவனமும் வெளியே போய்விடுகிறது.

உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அரவிந்த் குப்தா பரப்பிய கப்பல் தலைவன் கதை நல்ல எடுத்துக்காட்டு. ஒரு செய்தித்தாளைத் தொப்பியாக மடிப்பதோடு கதை தொடங்கும். மடிப்பை மாற்றினால் தொப்பி படகாகும். கடலில் புயல் வரும். படகின் முன்முனை கிழியும், பின்முனை கிழியும், நடுக்கூம்பும் கிழியும். கடைசியில் தாளை விரித்தால் கழுத்துக்கும் கைகளுக்கும் திறப்புள்ள சட்டை கிடைக்கும். அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலும் அடுத்த மடிப்பும் இங்கே ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிள்ளை தம்பிக்கு அதைச் செய்துகாட்ட வேண்டுமானால் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். செலவு ஒரு பழைய தாள்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. கைவேலை இல்லையென்றால் பிள்ளைகள் நூலகத்துக்கே வரமாட்டார்கள் என்பது முதல் மறுப்பு. வரவைப்பது உண்மைதான், எதற்கு வரவைக்கிறது என்பதே கேள்வி. ஓவியம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தால் பிறகு அவர்களாக வரைவது குறைகிறது என்று லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல் கண்டார்கள். அமைதியாகக் கதை கேட்டால்தான் ஒட்டு வேலை என்று சொல்லும்போது, கதையைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக நாமே ஆக்குகிறோம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே நூலகர் இருக்கும் இடத்தில் முன்கூட்டியே வெட்டிவைத்த ஒரே மாதிரி வேலைதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது இரண்டாவது மறுப்பு. ஆனால் முப்பது பேருக்கும் வட்டம் வெட்டிவைக்கத்தான் நேரமும் பொருளும் அதிகம் செலவாகின்றன. செய்தித்தாள் மடிப்புக்கு முன்தயாரிப்பே தேவையில்லை. மூன்றாவது மறுப்புதான் கனமானது: கைவேலை தன்னளவிலேயே மதிப்புள்ளது, எல்லாவற்றையும் வாசிப்புக்கு ஏவல் செய்யவைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அப்படியென்றால் அதற்குத் தனி நேரம் ஒதுக்குவதே நேர்மை. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களை அதனோடு இணைக்கச் சொன்னது. கணக்கு, வரலாறு என எல்லாவற்றையும் நூல் நூற்கும் தக்ளியில் கொண்டுபோய் முடிச்சுப் போட்ட வகுப்புகளில் இணைப்பு வெறும் சடங்கானது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. வாரம் தவறாமல் புத்தகத்துக்கு ஒரு கைவேலை தேடும் நூலகமும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது.

எனவே பழக்கத்தை விடச் சொல்வதல்ல வாதம். அதற்கு ஒரு சோதனை வைக்கச் சொல்வதே. செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தை மறுபடி திறந்து பார்க்க வேண்டிய தேவை வருகிறதா, அல்லது செய்து முடித்ததை வைத்துக் கதையைத் திரும்பச் சொல்ல முடிகிறதா? இரண்டில் ஒன்றாவது நடந்தால் அந்தக் கைவேலை கதை நேரத்துக்கு உரியது. இரண்டும் இல்லாத வாரத்தில் பசைப் புட்டியைத் திறக்காமல், அந்த அரை மணியில் அதே புத்தகத்தை இன்னொரு முறை வாசிப்பது மேல். இரண்டாம் முறை பிள்ளைகள் குறுக்கே பேசுவார்கள், அடுத்த பக்கத்தை முந்திக்கொண்டு சொல்வார்கள். கதை நேரத்துக்குத் தேவையான வேலை அதுவே.