நிமிடத்துக்கு 180 காலடி

நெடுந்தூர ஓட்டம் பழகுபவர்களுக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஓர் எண்: நிமிடத்துக்கு 180 காலடி. கேடன்ஸ் என்பார்கள். கைக்கடிகாரம் எண்ணிச் சொல்கிறது, செல்பேசியில் மெட்ரோனோம் தட்டுகிறது, 160-இல் ஓடுபவர் குற்றம் செய்தவர்போல் கூசுகிறார்.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தம் மனைவியோடு சேர்ந்து ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணினார். எண்ணிய 46 பேரில் ஒருவர் மட்டுமே 180-க்குக் கீழே. 800 மீட்டர் ஓடியவர்கள் 200-ஐயே தாண்டினார்கள். ஆக, அங்கே 180 என்பது ஏறத்தாழ கீழ்வரம்பு. அதுவும் உலகின் தலைசிறந்த கால்கள் பந்தய வேகத்தில் ஓடியபோது. அந்த எண் பூங்காவுக்கு வந்து சேர்வதற்குள் இந்த விவரங்களெல்லாம் உதிர்ந்துவிட்டன.

இருந்தும் இந்த அறிவுரையை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. புதிதாக ஓடுபவர் வேகம் வேண்டுமென்றால் காலை எட்டிப் போடுகிறார். பாதம் உடம்புக்கு வெகு முன்னால், முழங்கால் விறைத்த நிலையில் இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன பிரேக். ‘இடுப்புக்கு அருகில் பாதத்தை இறக்கு’ என்று சொல்லிப் பயனில்லை, ஓடுகிறவருக்குத் தம் பாதம் இறங்கும் இடம் தெரிவதில்லை. ‘சற்று அடிக்கடி காலை வை’ என்றால் உடனே செய்துவிடுகிறார். வேகம் மாறாமல் எண்ணிக்கை கூடினால் எட்டு தானே குறுகும். ஓடும் முறையைத் திருத்த இவ்வளவு எளிய பிடி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. 2011-இல் பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர் ட்ரெட்மில்லில் நடத்திய ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது: அவரவர் வழக்கமான எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டியதும் முழங்கால் வாங்கும் சுமை தெளிவாகக் குறைந்தது. ஆய்வகத்தில் சுமை குறைவது வேறு, ஆண்டு முழுவதும் காயமின்றி ஓடுவது வேறு என்பதும் உண்மைதான்.

கவனிக்க வேண்டியது, அங்கே கூட்டப்பட்டது அவரவர் எண்ணிக்கை. 180 அங்கே இலக்கே இல்லை.

கிலோமீட்டருக்கு 3 நிமிடம் என்று பறப்பவர் 180 காலடி வைத்தால் ஒவ்வோர் அடியும் சுமார் 1.85 மீட்டர். 8 நிமிடத்தில் ஓடும் நம்மைப் போன்றவர் அதே 180-ஐப் பிடித்தால் அடி 70 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அது ஓட்டமா, துள்ளலா? வேகம் கூடக் கூட எண்ணிக்கையும் கூடுவது இயல்பு. உயரமானவருக்குச் சற்றுக் குறைவதும் இயல்பு. வல்லுநர்கள்கூட ஒரே எண்ணில் ஓடுவதில்லை. 2016 உலக 100 கிலோமீட்டர் போட்டியின் முன்னணி ஓட்டக்காரர்கள் 20 பேரை ஜெஃப் பர்ன்ஸ் ஆராய்ந்தார். சராசரி 182 வந்தது. டேனியல்ஸின் ரசிகர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 155-இலிருந்து 203 வரை விரிந்திருந்தது.

மெட்ரோனோமைத் துரத்துவதில் செலவும் உண்டு. பழகிய ஓட்டக்காரர் தாமாகத் தேர்ந்துகொள்ளும் எட்டு, அவருக்கு ஏறத்தாழ மிகக் குறைந்த ஆக்ஸிஜனில் முடிகிற எட்டு என்று 1982-லேயே கவனாவும் வில்லியம்ஸும் காட்டினார்கள். அதைத் திடீரென்று வெகுவாக மாற்றினால் மூச்சு வாங்கும். சிலர் எண்ணிக்கையைக் கூட்டும் மும்முரத்தில் முன்பாதத்தில் இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது முழங்காலில் மிச்சமான சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்ச் சேர்கிறது.

என் கட்சி இதுதான்: 160-இல் வலியில்லாமல் ஓடுபவரை விட்டுவிடலாம். அதே 160-இல் காலை எட்டிப் போட்டு முழங்கால் வலிக்கிறது என்பவருக்கு முதலில் 168 போதும். அதையும் ஓட்டம் முழுக்கத் திணிக்காமல், நடுவே ஓரிரு நிமிடங்கள் மட்டும் வைத்துப் பழகி, சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.