வண்டியை அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் ரேடியோ

என்னுடைய 2004 செவர்லே சில்வராடோவில் ஒரே ஒரு சிடி போடும் ரேடியோதான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஒன்றில், அதே வருட மாடலிலிருந்து கழற்றிய ஆறு சிடி ரேடியோ மலிவாகக் கிடைத்தது. முன்பக்கச் சட்டம் கையால் இழுத்தாலே கழன்றுவிடும் என்பதால் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பினால் திரையில் 'லாக்டு' என்று வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் சத்தமே இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பூட்டுக்கு வைத்த பெயர் தெஃப்ட்லாக். முந்தைய ரேடியோக்களில் ரகசிய எண் இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதைக் கேட்கும், எண்ணை மறந்தவர் திண்டாடுவார். இதில் அந்தத் தொல்லை இல்லை. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணில் ஒரு பகுதியை ரேடியோ தன் நினைவகத்தில் பதிந்து வைத்துக்கொள்கிறது. வண்டியின் கணினிப் பெட்டிகளில் ஒன்றான பாடி கன்ட்ரோல் மாட்யூல் அனுப்பும் எண்ணோடு அதை ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் வாய் திறக்காது. இந்தப் பேச்சு நடப்பது கிளாஸ் 2 என்ற ஒற்றை வயரில், நொடிக்கு 10.4 கிலோபிட் வேகத்தில். இன்றைக்கு அது மெதுவென்று தோன்றும். ஒரு வின் எண்ணை அனுப்ப அது தாராளம்.

சோதித்துப் பார்க்கப் பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டி, பேட்டரி இணைப்பை அரைமணி நேரம் கழற்றி வைத்தேன். மறுபடி இணைத்ததும் எதுவும் கேட்காமல் பாடியது. உரிமையாளருக்குத் துளி சிரமம் தராத பூட்டு இது. நான் மிகவும் மதிக்கும் அம்சமும் இதுதான். வண்டியை நிறுத்தியதும் முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கண்ணாடியை உடைக்கும் முன்பே திருடன் அதைப் பார்த்துவிடலாம் என்பதால், ரேடியோவோடு கண்ணாடியும் தப்பிக்கிறது.

ஆனால் அந்த ஒற்றை வயரில் எத்தனை வேலைகள்! சாவி போட்டாயிற்று என்ற செய்தியும் அதன் வழியாகத்தான் ரேடியோவுக்கு வருகிறது. ரேடியோவைக் கழற்றியிருந்தபோது சாவியை வண்டியிலேயே விட்டு கதவைத் திறந்தேன். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சீட் பெல்ட் மணியும் ஒலிக்கவில்லை. அவற்றை ஒலிக்க வைப்பதே ரேடியோதான். வெளிச் சந்தை ரேடியோ மாட்டுகிறவர்கள் மணிக்கென்றே தனி இடைமுகப் பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு மணியைப் பாட்டுப் பெட்டியோடு முடிச்சுப்போட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

பூட்டைத் திறக்க டீலர்களின் டெக் 2 கருவி வேண்டும். ரசீதும் வண்டிப் பத்திரமும் எடுத்துக்கொண்டு போய், கூலி கொடுத்து என் வண்டியின் எண்ணைப் பதியவைத்தேன். ஆறு சிடியும் இப்போது பாடுகின்றன. ஆனால் ரேடியோவுக்குக் கொடுத்ததைவிட அந்தக் கூலி அதிகம். நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவருக்கும் திருடனுக்கும் இந்தப் பூட்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறது. பழைய ரேடியோ வாங்கப் போகிறவர்கள், திறக்க எவ்வளவு ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.